மே மாதம் 16 நாள் இலங்கை: கேம்பர்வேனா, ரூஃப் டென்ட் ஜீப்பா?

நெடுஞ்சாலை_நேசன்

வணக்கம். மே 8 முதல் 16 நாள் இலங்கை போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். ஒவ்வொரு ஊரிலும் பெட்டியை இறக்கி ஏற்றாமல் வண்டியிலேயே தூங்கி எழுந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை, எனக்கும் ரொம்ப நாள் ஆசைதான்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சின்ன கேம்பர்வேன், உள்ளேயே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. இன்னொன்று ஃபோர் வீல் ஜீப், மேலே மடக்கி வைக்கிற துணி டென்ட், ஏணியில் ஏற வேண்டும். வாடகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

போட்டு வைத்திருக்கிற வழி: கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, யால, எல்ல, நுவரெலியா, கண்டி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், திரும்பக் கொழும்பு. சின்னத் தீவுதானே, முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். எந்த வண்டி எடுக்கலாம், இரவில் எங்கே நிறுத்தலாம், மே மாத வெயிலையும் மழையையும் குழந்தையோடு எப்படிச் சமாளிப்பது? போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பண்டாரவளை_ஓட்டுநர்

அண்ணா, வண்டியை அப்புறம் பார்ப்போம், முதலில் வழியை மாற்றுங்கள். தீவு சின்னதுதான், வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு 430 கிலோமீட்டர் வரும். ஆனால் இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். நுவரெலியாவிலிருந்து எல்லவுக்கு வெறும் அறுபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அந்த வளைவுகளில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் தாராளமாகப் போகும், தலைக்கு மேலே டென்ட் பாரமும் இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் வளைக்க வேண்டும். நான் பயணிகளை ஏற்றி ஓட்டுகிறவன். நீங்கள் எழுதிய வழியை 16 நாளில் முடிக்கலாம், ஆனால் பாதிப் பயணம் கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற மரங்களைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

மழை விஷயம் இப்படி. தென்மேற்குப் பருவம் மே மாதக் கடைசியை ஒட்டித் தொடங்கி செப்டம்பர் வரை இருக்கும். கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, மலையின் மேற்குச் சரிவு எல்லாம் அதில் நனையும், கடலும் அந்தப் பக்கம் கொந்தளிப்பாக இருக்கும். அதே நாட்களில் மலையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் வறண்டு கிடக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இது அப்படியே தலைகீழ். அதனால் மே மாதம் வருகிறவருக்கு வடக்கும் கிழக்கும்தான், காலியையும் மிரிஸ்ஸவையும் இன்னொரு ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இப்படிப் போவேன்: கொழும்பு, அனுராதபுரம், மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பை, வெல்லவாய, எல்ல, ஹப்புத்தளை, பிறகு இறக்கம். கடைசி மூன்று நான்கு நாளுக்குத்தான் மலை. பதினொரு நாள் கடற்கரை வெயிலில் காய்ந்த பிறகு ஹப்புத்தளைக் குளிர் உடம்புக்கு அவ்வளவு இதமாக இருக்கும். மலையில் மே மாதம் பிற்பகலில் இடி மழை வரும், காலையில் வானம் தெளிந்திருக்கும், ஆகவே மதியத்துக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்திய லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. உள்ளூர் அனுமதி எடுத்தே ஆக வேண்டும், வாடகைக்கு விடுகிறவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் எங்காவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும்.

கூடாரத்துக்காரி

நானும் கணவரும் ஒரு ஜூன் மாதம் மூன்று வாரம் இதே மாதிரி துணி டென்ட் ஜீப்பில் சுற்றினோம். அனுபவத்தில் சொல்கிறேன், மழைக்குப் பயப்படாதீர்கள், ஈரத்துக்குப் பயப்படுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

நல்ல டென்டாக இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு இருக்கிறதே, அதுதான் இரவெல்லாம் கூரைத் துணியில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு நிற்கும். மெத்தைக்கு அடியில் அலுமினியத் தட்டு, அதில் உடம்புச் சூடு பட்டு வேர்த்துவிடும். முதல் வாரம் ஒரு காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளங்கை வைத்தால் ஒட்டுகிற அளவுக்கு நனைந்திருந்தது. மெத்தைக்கும் தட்டுக்கும் நடுவே காற்றுப் போகிற மாதிரி கண்ணி கண்ணியாக ஒரு விரிப்பு உண்டு, அது இருக்கிறதா என்று வாடகைக்காரரிடம் கேளுங்கள். மழை பெய்தாலும் எல்லா ஜன்னலையும் இழுத்து மூடிவிடாதீர்கள், எதிரெதிர் இரண்டு ஜன்னலில் கொசுவலையை மட்டும் போட்டு, வெளித்துணியைக் கம்பி கொடுத்து நீட்டி வைத்தால் சாரலும் அடிக்காது, காற்றும் ஓடும்.

நாங்கள் செய்த பெரிய தப்பு ஹப்புத்தளையில். விடியற்காலை ஐந்து மணிக்கு மழை, அன்று சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது, ஈரத்தோடு மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அன்றிரவு வெல்லவாயவில் திறந்தபோது லேசாக ஒரு வாடை. களைப்பில் அப்படியே படுத்தோம். மறுநாளும் சரியாகக் காயவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் தையல் ஓரமெல்லாம் கடுகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளி. பூஞ்சை. தேய்த்தாலும் போகவில்லை, கணவருக்குத் தும்மல் ஊர் திரும்பும் வரை நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஈரத்தோடு கிளம்பினால் பதினொரு மணி வாக்கில் எங்கே வெயில் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, டென்டைத் திறந்து அரை மணி நேரம் காயவிடுவது. அந்த நேரத்துக்குத்தான் சமையல், துணி உலர்த்தல் எல்லாம்.

இத்தனையும் சொன்ன பிறகும் உங்கள் வழிக்கு நான் டென்டைத்தான் சொல்வேன். கேம்பர்வேன் ஒரு தகரப் பெட்டி. கிழக்குக் கரையில் நாள் முழுக்கக் காய்ந்த தகரம் இரவு ஒன்பது மணிக்கும் சூட்டை விடாது. கதவைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். டென்ட் ஆறடிக்கு மேலே நிற்கிறது, நான்கு பக்கமும் துணி, பொழுது சாய்ந்ததும் குளிர்ந்துவிடும். வேன்தான் என்று முடிவு செய்தால் கூரையில் காற்றை வெளியே தள்ளுகிற மின்விசிறியும், அது விடியும் வரை ஓடுகிற அளவுக்குத் தனி பேட்டரியும் இல்லாமல் எடுக்காதீர்கள். புழுக்கம் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

மூன்று பேர் என்றால் டென்டின் அகலத்தைக் கேட்டுவிடுங்கள். 140 சென்டிமீட்டரில் இரண்டு பேர்தான் சரியாகப் படுக்கலாம். அப்புறம், மலேரியாவைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள், இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது, அந்தக் கொசு பகலில் கடிப்பது. மகளுக்குப் பகலிலும் மருந்து தடவிவிடுங்கள்.

பனங்காட்டு_அக்கா

தம்பி, நான் பருத்தித்துறை. எங்கள் பக்கமும் வருகிறீர்கள் என்று கண்டதில் சந்தோஷம், கனபேர் சிகிரியாவோடு திரும்பிவிடுவார்கள்.

வாகனத்துக்குள் படுத்து ஊர் பார்க்கிற பழக்கம் வடக்கில் பெரிதாக இல்லை. வெறும் வெளியில் நிற்பாட்டினால் யாரும் வந்து "ஆர் நீங்கள், எங்கே இருந்து வாறீங்கள்" என்று கேட்கத்தான் செய்வார்கள். அதற்குப் பயப்படத் தேவையில்லை, அவர்கள் கேட்கும் முன் நீங்களே போய்க் கேட்டுவிடுங்கள். பொழுது படுவதற்கு முன்னம் ஒரு வீட்டு வாசலில் நின்று, பிள்ளையோடு வந்திருக்கிறம், இரவு மட்டும் நிற்பாட்டலாமோ என்று கேட்டால், அனேகமாக வளவுக்குள்ளேயே, வீட்டைச் சுற்றின காணிக்குள்ளேயே, விடச் சொல்வார்கள். கிணற்றில் குளிக்கலாம், கக்கூசுப் பிரச்சினையும் தீர்ந்தது. காலையில் இடியப்பமும் சொதியும் தராமல் விடமாட்டார்கள், அதுக்கும் ஆயத்தமாய் வாங்கோ. கோயில் வீதியில் நிற்பாட்டுவதென்றால் ஐயரையோ தர்மகர்த்தாவையோ கேளுங்கள், மடம் திறந்துவிடுவார்கள்.

மே மாதம் எங்களுக்குச் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, தொடங்குகிற காலம். மன்னாரில் அது இன்னும் மோசம், அந்தத் தீவின் கரையிலே காற்றாலைகளை நிரையாய் நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. டென்ட்காரர்கள் ஒரு இரவு மன்னார்க் கரையில் படுத்தால் விடிய விடியத் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், பிள்ளை நித்திரை கொள்ளாது. வாகனத்தின் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, ஒரு மதிலுக்கோ கட்டடத்துக்கோ மறைவாய் விடுங்கள்.

பனைக்குக் கீழே டென்டை விரிக்கவே வேண்டாம். தென்னைக்குக் கீழே விடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், பனையை ஒருவரும் நினைப்பதில்லை. காற்றுக் காலத்தில் காவோலை, காய்ந்த பனையோலை, விழும். மட்டையின் இரண்டு பக்கமும் கருக்கு வாள்பல்லுப் போலே இருக்கும், அது துணியில் விழுந்தால் கிழிப்பு நேராய்ப் போகும். போன வருடம் எங்கள் ஒழுங்கையில் நிற்பாட்டிய ஒரு வெளிநாட்டுப் பிள்ளைகளின் டென்டுக்கு அதுதான் நடந்தது, நல்ல காலம் அவர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். நான்தான் சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்துக் கொடுத்தேன்.

இனி முக்கியமானது. யாழ்ப்பாணம் வருகிற ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி முகமாலைப் பக்கம், முல்லைத்தீவுப் பக்கமும் சில இடங்களில், சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு மிதிவெடி என்று எழுதியிருக்கும். 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் எத்தனையோ வருடமாய் வெடி எடுக்கிற வேலை நடந்த நிலம் அது. ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள், நல்ல நிழல் கிடக்குதே என்று வாகனத்தை இறக்க வேண்டாம். பிள்ளையையும் ஓடவிட வேண்டாம். சனம் புழங்குகிற இடத்தில் மட்டும் நில்லுங்கள், அவ்வளவுதான், மற்றபடி ஒரு பயமும் இல்லை.

மணற்காட்டு மணல்மேடுகளைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். நுங்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வருகிற காலம், வீதியிலேயே வாங்கலாம்.

வாகனம் எது என்றால் நான் கேம்பர்வேனைத்தான் சொல்லுவேன். இரவில் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கினால் இருட்டில் ஏணி இறங்கிப் போய்வருவது லேசான காரியமில்லை.

நெடுஞ்சாலை_நேசன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, மிதிவெடிப் பலகை விஷயம் எங்கள் மனதில் இல்லவே இல்லை, மனைவி உடனே குறித்துக்கொண்டாள். வழியை ஓட்டுநர் சொன்ன மாதிரியே மாற்றிவிட்டேன், தெற்கு அடுத்த முறை. டென்டின் அகலம் 180 என்று சொன்னார்கள், அதனால் ஜீப்பையே எடுக்கிறோம், கீழே பின்சீட்டில் ஒரு சின்னக் கையடக்கக் கழிப்பறை வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. அறுகம்பையிலிருந்து வெல்லவாய வரும் சாலையில் யானை உண்டு என்று படித்தேன். வழியில் எங்காவது காட்டோரம் ஒரு இரவு தங்க மகள் கேட்கிறாள். முடியுமா?

பண்டாரவளை_ஓட்டுநர்

வேண்டாம் அண்ணா. பொத்துவிலைத் தாண்டினால் அந்தச் சாலை லகுகல காட்டை ஒட்டியே போகிறது. அங்கே குளத்தில் யானை நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், பகலில் பார்த்துவிட்டு நிற்காமல் வந்துவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு சாலை அதுகளுக்குச் சொந்தம். தேசியப் பூங்காவுக்குள் தங்க வேண்டுமானால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்த முகாம் இடத்தில் மட்டும்தான், சும்மா ஓரமாக நிறுத்திப் படுக்க அனுமதி கிடையாது.

பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தலப் பக்கத்திலிருந்து கதிர்காமம் போகிற சாலையில் யானைகள் வண்டியை மறித்துத் தின்னக் கேட்கும், ஆட்கள் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்ட வினை. புத்தளம் அல்ல, ஊவா மாகாணத்தில் இருக்கிற புத்தல, பெயர் குழம்பிவிடாதீர்கள். ஒரு தடவை எனக்குப் பின்சீட்டில் ஒரு பை மாம்பழம் இருந்தது. கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். தும்பிக்கை நுனி அந்தச் சந்தில் வந்து மோந்தது, ஈரமான மூச்சு என் கழுத்தில் பட்டது, அடுத்த நொடி கதவு உள்பக்கமாக வளைந்துவிட்டது. பின்னால் இருந்த பயணிகள் மூச்சுவிடவில்லை. மெதுவாக ரிவர்ஸ் எடுத்துத் தப்பினோம். யாழ்ப்பாணத்தில் அக்கா சொன்ன கறுத்தக்கொழும்பானை வாங்கினால் அறுகம்பையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். டென்டுக்குள் பழம், பிஸ்கட் எதுவும் எந்த ஊரிலும் வேண்டாம்.

குளத்தில் குளிக்க மகள் கேட்பாள். ஊர்ச் சனம் குளிக்கிற படித்துறையில் மட்டும் விடுங்கள், மற்ற இடங்களில் முதலை இருக்கலாம்.

காட்டோரம் தூங்கிய மாதிரியே இருக்க வேண்டுமென்றால் வெல்லவாய தாண்டி எல்லவுக்கு ஏறுகிற வழியில், ஊர் ஓரமாக வளவு வைத்திருக்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அன்று மதியமே அறுகம்பையை விட்டுக் கிளம்பினால் மாலை நான்கு மணிக்குள் வந்துவிடலாம். வழியில் மண்சட்டியில் எருமைத் தயிர் விற்பார்கள், கித்துள் பாணி, கித்துள் பனைப் பாகு, ஊற்றி மகளுக்குக் கொடுங்கள்.