பெகு வட்டாரத் தமிழ் விவசாயிகளுக்கு வானொலி: எதிலிருந்து தொடங்குவது?

பெகு வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். மழைக்கால நெல்லை அறுத்தபின், அதே வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கும் தமிழ்க் குடும்பங்கள் மியன்மாரில் எங்கள் பெகு பக்கத்தில் பல உள்ளன. பெரியவர்கள் பர்மிய மொழியில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் பூச்சிமருந்துப் புட்டியில் பர்மிய எழுத்தில் ஒட்டியிருப்பதை வாசிக்க இயலாததால், கடைக்காரர் சொல்லும் அளவையே தெளிக்கிறார்கள். இவர்களுக்காகத் தமிழில் ஒரு விவசாய வானொலி தொடங்கலாம் என்று கோயில் கமிட்டியில் பேச்சு எழுந்துள்ளது. உரிமம், கருவி, நிகழ்ச்சி ஆகியவற்றில் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

யாங்கோன் நண்பர்:
2015ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம், ஊர் மக்களே நடத்தும் சமூக வானொலியைத் தனி வகையாக ஏற்றது. 2018இல் யாங்கோன் பகுதியில் காயே எஃப்.எம். நாட்டின் முதல் சமூக வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. ஆயினும் இன்றைய சூழலில் உரிமமின்றி எவரும் ஒலிபரப்புக் கருவியைத் தொடவே கூடாது.

மோல்மேன் ஆசிரியர்:
ஐயா, கருவியைப் பற்றிய கவலையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். 1956இல் யுனெஸ்கோ துணையுடன் இந்தியாவின் புனே வானொலி சுமார் 150 ஊர்களில் கேட்போர் மன்றங்களை அமைத்து, வாரம் இரு முறையாக இருபது நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. கூடிக் கேட்டு, விவாதித்து, தங்கள் ஐயங்களை நிலையத்துக்கு எழுதிய ஊர்களில் அறிவு நன்கு வளர்ந்ததையும், வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் பெரிய மாற்றம் இல்லாததையும் அந்த ஆய்வு காட்டியது. தஞ்சைப் பகுதியில் 1960களில் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வரும் அளவுக்குத் திருச்சி வானொலி அதை உழவரிடம் சேர்த்தது என்பதை நம்மில் பலர் அறிவோம். ஆகவே நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: முதலில் கேட்பவர்களைக் கூட்டுங்கள். பத்து நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, கோயில் மண்டபத்தில் மாலையில் ஒலிக்கவிட்டு, எழும் கேள்விகளுக்கு அடுத்த வாரமே அவரவர் ஊரைக் குறிப்பிட்டுப் பதில் சொல்லுங்கள். பதில் வராத வானொலியை மக்கள் விரைவில் மறந்துவிடுவார்கள்.

தாட்டோன் சகோதரி:
ஆசிரியர் ஐயா கூறியதை ஏற்கிறேன். மாலை நேரத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. களை பறிப்பதும், காய் பறிப்பதும், விதையைப் பத்திரப்படுத்துவதும் பெரும்பாலும் பெண்கள்; மாலையில் அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுத் திண்ணைகளில் தனியாக ஒரு முறை ஒலிக்கச் செய்யுங்கள். இன்னொன்று, வானொலியில் படம் காட்ட முடியாது என்பதால் சொல்லும் முறை முக்கியம். 'உளுந்து மஞ்சளாகிறது' என்றால் போதாது. இலையில் பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய், அத்தகைய செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அடியிலைகள் ஒரே சீராக வெளிறினால் உரக்குறைவாக இருக்கலாம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டு மருந்தடித்தால் கடன்தான் மிஞ்சும்.

பெகு வாசகர்:
மிக்க நன்றி. நெல் அறுப்பு முடியும் முன்பே தேமலைப் பற்றிய முதல் பதிவைச் செய்யவிருக்கிறோம். சகோதரி அவர்கள் இதைத் தம் குரலிலேயே பேசி அனுப்ப இயலுமா?