எழுத்தாளர் பற்றிய கட்டுரைக்குச் சார்பற்ற சான்றுகள் தேவை

வணக்கம். விக்கிப்பீடியாவில் ஓர் எழுத்தாளரைப் பற்றிய கட்டுரையை, அவர் பெயரையே ஒத்த பயனர் கணக்கொன்று தொடர்ந்து விரிவாக்கி வருகிறது. மேற்கோள்களோ பெரும்பாலும் அவருடைய வலைத்தளத்தையும், பதிப்பகத்தின் விளம்பரக் குறிப்புகளையும், அவரே அளித்த நேர்காணல்களையுமே சுட்டுகின்றன. குறிப்பிடத்தக்கமையை, அதாவது விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை பெறும் தகுதியை நிறுவ, அவரோடு தொடர்பில்லாத நம்பகமான மூலங்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஆயினும் நலமுரண் (தன்னைப் பற்றியோ தனக்கு நெருக்கமானவரைப் பற்றியோ தானே எழுதுவது) மட்டுமே நீக்கத்துக்குக் காரணமாகாது என்பதாலும், தகுதியுள்ள ஒருவரின் கட்டுரையை அவசரத்தில் இழந்துவிடக் கூடாது என்பதாலும், நீக்கலுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. அச்சில் மட்டும் வெளிவந்த மதிப்புரைகளோ ஆய்வுக் கட்டுரைகளோ உங்கள் பார்வைக்கு வந்திருந்தால், இதழின் பெயர், வெளியான மாதம், பக்க எண் ஆகியவற்றுடன் தெரிவியுங்கள். இணைய இணைப்பு கட்டாயமில்லை. அந்தப் பயனர் கட்டுரையை நேரடியாகத் திருத்தாமல், அதைப் பற்றி உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் மாற்றங்களைக் கோருமாறு, அவர் மனம் புண்படாத வகையில் எவ்வாறு எழுதலாம் என்பதற்கும் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.