வீல் ஆஃப் டைம் பத்தாவது புக் முடிச்சேன், மனசே ஆறல (10 வரைக்கும் ஸ்பாய்லர் இருக்கு)

கேள்வி:

ராபர்ட் ஜோர்டனோட வீல் ஆஃப் டைம் ஃபேண்டஸி சீரிஸ்ல பத்தாவது புக், க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட், நேத்து நைட் முடிச்சேன் மக்களே. முதல் ஆறு புக்கும் தூக்கம் கெட்டு படிச்சது, அப்புறம் வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு போயிட்டே இருந்தேன், ஏன்னா ஒன்பதாவது புக்கோட கடைசில ஹீரோ ராண்டும் அவன் ஊர்க்காரி நைனீவும் சேர்ந்து சையிடீனை, அதாவது ஆம்பளைங்க பயன்படுத்துற மந்திர சக்தியை, சுத்தம் பண்றாங்களே, அந்த இடத்துல எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. 3000 வருஷத்துக்கு மேல இருந்த விஷம், அதைத் தொட்ட ஒவ்வொரு ஆம்பளையையும் பைத்தியமாக்கின விஷம், போயே போச்சு. இனிமே உலகமே வேற மாதிரி இருக்கணும்ல? அந்த ஆசைலதான் பத்தாவதை எடுத்தேன். பார்த்தா கதை அந்த சுத்தம் பண்ற நாளுக்கே திரும்பப் பின்னாடி போகுது. ராண்டோட ஃப்ரெண்ட் பெர்ரின் கூட இருக்கிறவங்களுக்கு தூரத்துல ஏதோ பெருசா நடக்கிறது தெரியுது, எலைனுக்கும் தெரியுது, எக்வேனுக்கும் தெரியுது, எல்லாரும் அது என்னவா இருக்கும்னு பயந்துட்டு நிக்கிறாங்க. எனக்குதான் அது என்னன்னு ஏற்கனவே தெரியுமே! ராண்ட் மொத்த புக்குலயும் கொஞ்ச நேரம்தான் வர்றான். பெர்ரின் பொண்டாட்டி ஃபயீலை ஷைடோ கூட்டம் கடத்திட்டுப் போனது எட்டாவது புக்ல, இன்னும் தேடிட்டே இருக்காங்க. இவ்ளோ பிடிச்ச சீரிஸ் மேல கோவம் வருதேன்னு கஷ்டமா இருக்கு. உடனே 11 எடுக்கலாமா, இல்ல கொஞ்ச நாள் விட்டுட்டு வரவா?

பதில் 1:

உடனே எடுங்க, விட்டுடாதீங்க. உங்க கோவம் நியாயமானது, நான் இதை வந்தப்பவே படிச்சவன். ஒன்பதாவது வந்தது 2000 நவம்பர், பத்தாவது 2003 ஜனவரி, ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்து வாங்கினா கதை ஒரு அடி கூட நகரல. அப்புறம் 2004ல ஒரு முன்கதை வந்துச்சு, 11வதுக்கு 2005 அக்டோபர் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அந்த 11தான் ஜோர்டன் தனியா எழுதி முடிச்ச கடைசி புக், 2007 செப்டம்பர்ல அவர் தவறிட்டார். இப்ப திரும்பிப் பார்க்கும்போது பத்து மேல இருந்த கோவம் போயிடுச்சு, மெயின் கதைல அவரே எழுதி முடிக்கப் போறது இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது.

பதில் 2:

ராண்ட் இல்லாததுதான் பிரச்சனைன்னு நிறைய பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். மூணாவது புக்கை நினைச்சுப் பாருங்க, அதுலயும் ராண்ட் அபூர்வமாதான் வர்றான், ஆனா ஒரு இடத்துலயாவது போர் அடிச்சுதா? இல்ல. ஏன்னா அவன் டியர்ங்கற ஊருக்குப் போறான், மத்தவங்க எல்லாரும் வேற வேற வழில அதே ஊருக்குப் போறாங்க, அவன் இல்லாத ஒவ்வொரு பக்கமும் நம்மள அவன்கிட்ட இழுத்துட்டுப் போகும். பத்துல யாரும் எங்கயும் போகல. எலைன் கேம்லின் ஊர்ல, எக்வேன் டார் வாலன் நகரத்து வாசல்ல, பெர்ரின் கேம்ப்ல. ராண்டோட இன்னொரு ஃப்ரெண்ட் மேட் மட்டும் சர்க்கஸ் வண்டியோட நகர்றான், அதனாலதான் அந்த சாப்டர்லாம் உசுரோட இருக்கு, கூட வர்ற டுவான்ங்கற பொண்ணு அவனை "டாய்"னு கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் நான் சிரிச்சேன். என்னைக் கேட்டா, சையிடீனை சுத்தம் பண்றப்ப வர்ற அந்த வெளிச்சம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியற மாதிரி எழுதணும்ங்கறது நல்ல ஐடியாதான், ஆனா ஒரு முன்னுரையோட முடிக்க வேண்டியதை புக் முழுக்க இழுத்துட்டார்.

பதில் 3:

எல்லாரும் பெர்ரின் பகுதியை திட்டுறீங்க, ஆனா கோடாலி சீனை யாருமே சொல்லலையே! முதல் புக்ல (1990ல வந்தது) ஓநாய்களோட வாழற எலயாஸ் பெர்ரின்கிட்ட சொல்வார் ஞாபகம் இருக்கா, இந்தக் கோடாலியைப் பிடிக்காம இருக்கிற வரைக்கும் வச்சுக்கோ, என்னைக்கு பிடிக்க ஆரம்பிக்குதோ அன்னைக்கு தூக்கிப் போட்டுடுன்னு. அதுக்கு பதில் இந்த பத்தாவதுலதான் வருது, 13 வருஷம் கழிச்சு. பொண்டாட்டியைத் தேடுறேன்னு பிடிபட்ட ஷைடோ ஆளோட கையை வெட்டுறான், அந்த அமைதியான நல்ல பையன், கொல்லன் பட்டறையில எதையும் உடைச்சிடக் கூடாதுன்னு மெதுவா நடந்த பையன். அப்புறம் அந்தக் கோடாலியை வீசிட்டு நடக்கிறான். அதைப் படிச்சிட்டு புக்கை மூடி வச்சு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அதுக்கு முன்னாடி தானியம் வாங்கப் போற சோ ஹாபர் ஊரு, எல்லாத்துலயும் வண்டு, செத்தவங்க நடமாடுற ஊரு, அதுவும் நல்லாதான் இருந்துச்சு. மெதுவா போகுதுங்கறது உண்மை, ஆனா இவன் அந்த அளவுக்குப் போறதுக்கு அந்தத் தவிப்பு அவ்ளோ நாள் இழுக்கணும்னு எனக்குத் தோணுது.

கேள்வி கேட்டவர்:

கோடாலி சீன்ல நான் அவசரமா பக்கத்தை திருப்பிட்டேன் போல, எலயாஸ் சொன்னது சுத்தமா மறந்து போச்சு. இப்ப போய் திரும்பப் படிச்சேன். கை நடுங்குது. பதில் 2 சொன்னதும் சரிதான், எனக்கு கோவம் வந்த காரணமே அதுதான், வார்த்தைல சொல்லத் தெரியல. ஆனா கடைசில எக்வேன் டார் வாலன் துறைமுகச் சங்கிலியை மந்திரத்தால மாத்தப் போய் மாட்டிக்கிட்டாளே, அவளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம தூக்கம் வராது.

பதில் 1:

அவ பகுதி 11ல வர ஆரம்பிக்கும்போது பக்கத்துல யாரையும் பேச விடாதீங்க. வேற எதுவும் சொல்ல மாட்டேன்.