செம்புக் கம்பி பிராட்பேண்ட் ஊர்ந்து போகிறது, போன் மணி அடித்தால் நெட் அறுந்துவிடுகிறது (கீழக்கரை)

கீழக்கரைப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கீழக்கரையில், கடலுக்குப் பக்கத்துத் தெரு. ஃபைபர் இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. பழைய லேண்ட்லைன் கம்பியில்தான் பிராட்பேண்ட். திட்டம் 10 எம்பிபிஎஸ். ஆனால் வேகத்தைச் சோதித்தால் 2, நன்றாக இருக்கும் நாளில் 3. துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) வீடியோவில் கூப்பிட்டால் உம்மாவுக்கு அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகிறது. நானும் வீட்டிலிருந்துதான் கணக்கு வேலை பார்க்கிறேன். ஒரு கோப்பை ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடுகிறது.

கவனித்ததைச் சொல்கிறேன். லேண்ட்லைன் மணி அடித்தால் மோடத்தில் லைன் இணைப்பைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு மினுங்க ஆரம்பிக்கும், நெட் போய்விடும். திரும்பி வரச் சில நிமிடம் ஆகும். மழைக்கு மறுநாள் இன்னும் மோசம். போனில் கரகரவென்று இரைச்சல் வேறு. கம்பி வாசல் வழியாக உள்ளே வந்து கூடத்தில் ஒரு சாக்கெட், அடுக்களைப் பக்கம் ஒன்று, மாடியில் ஒன்று என்று போகிறது. எல்லாம் வாப்பா காலத்தில் போட்டது. மோடம் மாடியில் இருக்கிறது. புகார் கொடுத்தேன். "எங்கள் பக்கம் லைன் சரி, மோடத்தை மாற்றுங்கள்" என்று சொல்லி மூடிவிட்டார்கள். காசைப் போட்டு மோடம் வாங்குமுன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளிக்காரன்:
மோடம் வாங்காதீர்கள் சகோதரி. முதலில் வைஃபையா, லைனா என்று பிரித்துவிடுவோம். கம்ப்யூட்டரை லேன் கேபிளில் மோடத்தோடு நேராக இணைத்து வேகம் பாருங்கள். அப்புறம் பிரவுசரில் 192.168.1.1 திறந்து டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் பக்கத்துக்குப் போங்கள். சில மோடங்களில் முகவரி வேறாக இருக்கும், அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் ரேட் (லைன் இறக்கும் வேகம்), எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி, கூடினால் நல்லது), அட்டென்யுவேஷன் (கம்பியில் வரும்போது சிக்னல் எவ்வளவு தேய்கிறது), சிஆர்சி எரர் (வழியில் கெட்டுப்போன தரவின் எண்ணிக்கை) நான்கும் வேண்டும்.

கீழக்கரைப்பொண்ணு:
லேன் கேபிளிலும் அதே 2.5தான். அந்த ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ளது: டவுன்ஸ்ட்ரீம் 3104 கேபிபிஎஸ் (ஏறக்குறைய 3 எம்பிபிஎஸ்), எஸ்என்ஆர் மார்ஜின் 4.2, அட்டென்யுவேஷன் 36. சிஆர்சி எரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது.

உச்சிப்புளிக்காரன்:
அப்படியென்றால் வைஃபை மேல் குற்றமில்லை. அட்டென்யுவேஷன் 36 டெசிபல் என்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கம்பி ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைக் காட்டுகிறது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற செம்புக் கம்பி பிராட்பேண்ட் முறை, எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே இருந்தால் 24 எம்பிபிஎஸ் வரை போகும். இந்தத் தூரத்தில் 10 சுமாராகக் கிடைக்க வேண்டும். உங்களுக்கு 3தான் வருகிறது, அதிலும் எஸ்என்ஆர் 4.2. ஆறுக்குக் கீழே போனாலே லைன் அறுந்து அறுந்து வரும். தூரத்தால் வந்த குறையாக இருந்தால் வேகம் குறைவாக இருந்தாலும் நிலையாக இருக்கும். மழைக்கும் மணிக்கும் ஆடுகிறது என்றால் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது.

தொண்டி வாத்தியார்:
ஸ்ப்ளிட்டர் எத்தனை போட்டிருக்கிறீர்கள்? பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். நெட் அதற்கு மேலே, 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டையும் பிரிக்கத்தான் ஸ்ப்ளிட்டர். மாடியில் மட்டும் போட்டுவிட்டு கூடத்துப் போனை அப்படியே செருகியிருந்தால் மணி அடிக்கும்போது நெட் போகத்தான் செய்யும்.

கீழக்கரைப்பொண்ணு:
மாடியில் மட்டும்தான் இருக்கிறது சார். கூடத்துப் போன் நேராகச் சாக்கெட்டில்.

மண்டபம் பழைய லைன்மேன்:
மகளே, ஸ்ப்ளிட்டர் ஒரு காரணம்தான். ஆனால் மழைக்கு மோசமாவதும் போனில் கரகரப்பும் ஸ்ப்ளிட்டரால் வராது. இந்தக் கரையில் வடகடல் பக்கமும் தென்கடல் பக்கமும் கம்பம் ஏறியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் ரோசெட் பெட்டியைத் திறந்து பாருங்கள். சாக்கெட் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். உள்ளே செம்புக் கம்பி, பித்தளைத் திருகு, சில பெட்டிகளில் இரும்பு வாஷரும் இருக்கும். வேறு வேறு உலோகம் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைகூடத் தேவையில்லை, கடல் காற்று அடிக்கிற இரவே போதும். திருகைச் சுற்றிப் பச்சைக் களிம்பு இருந்தால் அங்கேதான் உங்கள் எம்பிபிஎஸ் போகிறது.

மணி அடித்தால் ஏன் அறுகிறது என்பதற்கும் இதில் பதில் உண்டு. போன் சும்மா இருக்கும்போது கம்பியில் 48 வோல்ட் நிற்கும், ஆனால் மின்னோட்டம் ஓடாது. மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும், போனை எடுத்ததும் மின்னோட்டம் ஓட ஆரம்பிக்கும். களிம்பேறிய இணைப்பின் தடை அந்த நொடியில் சட்டென்று மாறும். மோடம் பிடித்து வைத்திருந்த லைன் அதற்கு வேறு லைனாகிவிடும், அறுத்துக்கொண்டு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் நெட் முன்னைவிட நன்றாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால் களிம்புதான், சந்தேகமே இல்லை. மின்னோட்டம் அந்தப் படலத்தைக் கொஞ்சம் உடைத்துவிடும், பிறகு மறுபடி படியும்.

இப்போது செய்ய வேண்டியது. மூன்று சாக்கெட்டிலும் செருகியிருப்பதை எல்லாம் கழற்றுங்கள். வாசலில் கம்பி நுழைந்து முதலில் தொடும் சாக்கெட் எது என்று கண்டுபிடித்து, உள்ளே போகும் கம்பிகளைத் திருகிலிருந்து விடுவித்து, வெளியிலிருந்து வரும் ஜோடி மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். அதில் மோடத்தை மட்டும் செருகி எண்களைப் பாருங்கள். எண் ஏறினால் கோளாறு வீட்டுக்குள். ஏறாவிட்டால் அந்தப் பெட்டியிலேயோ வெளியிலேயோ. அப்புறம் மோடத்தை எடுத்துவிட்டு அங்கேயே ஒரு போனைச் செருகி, ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரப்பு கேட்டால் லைன் கெட்டிருக்கிறது என்று எந்த அதிகாரியிடமும் துணிந்து சொல்லலாம். ஈரக் கையோடு தொட வேண்டாம், மணி வரும் நேரம் சுருக்கென்று இழுக்கும். இடி மின்னல் இருந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

கீழக்கரைப்பொண்ணு:
ஐயா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது! கூடத்துப் பெட்டிதான் முதல் சாக்கெட். ஒரு திருகு முழுக்கப் பச்சை, திருப்பவே வரவில்லை. உள்ளே போகும் கம்பிகளைக் கழற்றி மோடத்தை மட்டும் போட்டதும் டவுன்ஸ்ட்ரீம் 6200, எஸ்என்ஆர் 6.8. எண்ணை அழுத்திக் கேட்டால் இரைச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. அடுக்களைச் சாக்கெட்டில் பல வருடமாகப் போனே இல்லை. அதுவுமா கெடுக்கும்?

மண்டபம் பழைய லைன்மேன்:
கெடுக்கும். முனையில் ஒன்றுமே இல்லாத கம்பிக்குள் சிக்னல் ஓடிப்போய் மோதித் திரும்பி வரும். கிணற்றுக்குள் கூப்பிட்டால் நம் குரலே நம் பேச்சின் மேல் விழுகிற மாதிரி அது நல்ல சிக்னலின் மேல் விழும். அடுக்களைக் கம்பியை இனி இணைக்காதீர்கள். மாடிக்குப் போகும் கம்பியும் வேண்டாம். மோடத்தைக் கூடத்தில் வைத்து, மாடிக்கு லேன் கேபிள் இழுங்கள், 100 மீட்டர் வரை வேகம் குறையாது.

பெட்டியைப் புதிதாக மாற்றுங்கள், பழையதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். களிம்பு ஏறிய கம்பி முனையை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும் வரை தோலை உரித்துத் திருகுங்கள். சாக்கெட்டிலிருந்து மோடத்துக்கு வரும் சின்ன வயரையும் மாற்றுங்கள், அதன் ஆர்ஜே11 முனையும் இந்தக் காற்றில் கறுத்துத்தான் இருக்கும். புதுப் பெட்டியைக் கடல் பக்கச் சுவரில் அடிக்காதீர்கள். சன்னலுக்கு நேராகவும் வேண்டாம்.

மிச்ச இரைச்சல் வெளியே. வாசலுக்கு வரும் டிராப் வயரில் எங்காவது டேப் சுற்றிய முடிச்சு தெரிகிறதா? உப்புக் காற்றில் டேப் நிற்காது. கம்பிகளை இணைக்கும், ஜெல் நிரப்பிய யூஒய் கனெக்டர் போட வேண்டும். அதை நீங்கள் செய்யக் கூடாது, லைன்மேன் வேலை. புகாரில் "நெட் மெதுவாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். "லேண்ட்லைனில் இரைச்சல், முதல் சாக்கெட்டிலேயே கேட்கிறது, உள் வயரிங் கழற்றிச் சோதித்தாயிற்று, டிராப் வயரும் டிபி பெட்டியும் பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். டிபி என்பது தெருவில் வீட்டு இணைப்புகள் பிரியும் பெட்டி. இப்படி வந்த புகாரை உட்கார்ந்த இடத்திலிருந்து மூட முடியாது.

கீழக்கரைப்பொண்ணு:
நடந்தது இது. பெட்டியையும் வயரையும் மாற்றினேன், ஸ்ப்ளிட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போனை அதன் வழியாகவே கொடுத்தேன். அப்போதே 7400 வந்தது. புகாரை ஐயா சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினேன். வந்த லைன்மேன் தம்பி மிகவும் பொறுப்பானவர். மாடிச் சுவரோரம் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று, அவிழ்த்ததும் கம்பி பொடியாக உதிர்ந்தது. டிபி பெட்டியிலும் எங்கள் ஜோடியை வேறு முனைக்கு மாற்றினார். இப்போது டவுன்ஸ்ட்ரீம் 9870, எஸ்என்ஆர் 9.1, அட்டென்யுவேஷன் 35. மணி அடித்தாலும் விளக்கு அசையவில்லை. ஐயாவுக்கும் எல்லோருக்கும் உம்மா துஆ செய்தார்கள்.

உச்சிப்புளிக்காரன்:
அருமை. அட்டென்யுவேஷன் அப்படியே நிற்பதைப் பாருங்கள், அது தூரத்தின் கணக்கு, மாறாது. இதற்கு மேல் இந்தக் கம்பியில் எதிர்பார்க்க வேண்டாம். இன்றைய எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எஸ்என்ஆர் இறங்கினால் ஒப்பிட்டுக் காட்டலாம். மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கோடு போன் லைனையும் மோடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பலர் பிளக்கை மட்டும் எடுக்கிறார்கள், மோடம் லைன் வழியாக எரிந்துபோகிறது.

தேவிபட்டினம் கண்ணன்:
அண்ணே, இடையில் ஒரு கேள்வி. எங்களுக்கு ஃபைபர். அடிக்கடி எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாகிறது. இதுவும் உப்புக் காற்றா?

உச்சிப்புளிக்காரன்:
கண்ணாடி இழைக்குக் களிம்பு ஏறாது தம்பி. பெரும்பாலும் வயர் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கும், அல்லது பச்சை கனெக்டரின் முனையில் தூசு. பெட்டிக்குப் பின்னால் வயரை இறுக்கிச் சுருட்டியிருந்தால் தளர்த்தி, உள்ளங்கை அகல வட்டமாக விடுங்கள். கனெக்டர் முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேராகவும் பிடிக்காதீர்கள். மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்று ஓர் எண் இருக்கும். -20 டிபிஎம் சுற்றி இருந்தால் நல்லது. -27க்கும் கீழே போனால் ஆளைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தனிப் பதிவில் போடுங்கள், அங்கே பார்ப்போம்.