'உலகநாச்சி' எண்ட பேர் உங்கட குடும்பத்தில இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம், நான் மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கம். அம்மம்மாட பேர் உலகநாச்சி, அவட அம்மம்மாக்கும் அதே பேர்தானாம், இப்ப அக்காட மகளுக்கும் வச்சிருக்கம் (பள்ளிக்கூடத்தில புள்ளைய பகிடி பண்ணுறாங்க, அது வேற கதை). தலைமுறை விட்டு விட்டு தாய்வழியிலயே வருது, ஏனெண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியா.

முந்தின காலத்தில எங்கட பக்கத்து மண்முனைய ஆண்ட அரசி உலகநாச்சிட கதை எனக்குத் தெரியும், அதால வச்சதா இல்ல குடிவழியா (குடி எண்டா தாய்வழியா வாற வம்சம்) வந்ததா எண்டதுதான் பிடிபடுதில்ல. எங்கட குடி உலகிப்போடி குடி.

தேடாம இல்ல. பழைய கடதாசி முக்கால்வாசி 1978 சூறாவளியில பெட்டகத்தோட நனைஞ்சு போச்சு, மிஞ்சின ஒரு காணி உறுதியில 'உலகாச்சி' எண்டு எழுதி பக்கத்தில மை பரவின பெருவிரல் அடையாளம் கிடக்கு. அம்மம்மாட பிறப்புப் பத்திரத்தில முழுப்பேர் இருக்கு. கோயில்ல கேட்டன், குடிப்பேர் மட்டும்தான் சொன்னாங்க. பெரியம்மாக்கள் ஆளுக்கொரு கதை.

படுவான்கரையிலயோ (வாவிக்கு மேற்குப் பக்கம்) அம்பாறைப் பக்கமோ இந்தப் பேர் வழிவழியா வாற வேற குடும்பம் இருக்கா, இருந்தா நீங்க என்ன குடி?