நிலம் திருத்திய பிறகு நிற்கும் மரக்குவியல்: எரிப்பதா, மட்கவிடுவதா?

புதுநிலம்:
பொக்லைன் வைத்துப் புதர், மரமெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல் நாலைந்து குவியல் நிற்கிறது. முள், மெல்லிய கிளை, தொடை கனத்தில் தண்டு, வேரோடு பிடுங்கிய அடிக்கட்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. தீ வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

காய்ந்தவிறகு:
தாராளமாக எரியுங்கள். விட்டுவைத்தால் எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், கரையான் ஏறும். துண்டாக்கும் இயந்திரம் கிளைக்குச் சரி, அடிக்கட்டைக்கு ஆகாது. வேர் இடுக்கில் ஒரு கல் இருந்தால் பிளேடு போச்சு. எரித்தால் ஒரே நாளில் வேலை முடியும். சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் மண்ணுக்கே போகும்.

மட்கு:
ஒரே நாளில் முடியாது. பொக்லைன் தள்ளிய குவியலில் மண்ணும் சேர்ந்தே வரும். மண் அடைத்தால் உள்ளே காற்று போகாது. மேலே அணைந்த மாதிரி இருக்கும், அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டே கிடக்கும். தரைக்குள் விட்டுப்போன வேர் வழியாகத் தீ ஊர்ந்து வேறிடத்தில் கிளம்புவதும் உண்டு.

அதைவிட மண்ணைப் பாருங்கள். கனமான கட்டை மணிக்கணக்கில் எரிந்த இடத்தில் மேல்மண்ணின் மட்கு கருகிவிடும், தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் வழிந்து ஓடலாம். அந்த வட்டத்தில் புல்கூட வருஷக்கணக்கில் சரியாக வராது. சாம்பலோ காரம், ஏற்கெனவே கார மண் என்றால் இன்னும் கெடும். நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. அதை விட்டுவிட்டுப் பொட்டாசியத்தை மட்டும் சொன்னால் எப்படி? கிளையைத் துண்டாக்கி நிலத்தில் பரப்பி மட்கவிடுங்கள்.

காய்ந்தவிறகு:
மண் இருந்தால் பொக்லைனாலேயே தூக்கி உதறி, வேறிடத்தில் அடுக்கிக் காயவிட வேண்டும். பச்சையாகக் கொளுத்துகிறவர்களுக்குத்தான் புகையும் கனலும். உங்கள் யோசனைப்படி மரத்துண்டைப் பரப்பினால் அதுவும் நைட்ரஜனை இழுக்கும், பயிர் மஞ்சளடிக்கும்.

மட்கு:
உழுது கலந்தால் இழுக்கும், மறுக்கவில்லை. மரத்தில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரிமம் 400 பங்கு வரைகூட இருக்கும், சிதைக்கிற நுண்ணுயிர் மீதியை மண்ணிலிருந்துதான் எடுக்கும். மேலே மூடாக்காகப் போட்டால் அந்தப் பற்றாக்குறை மண்ணின் மேல்பரப்போடு நின்றுவிடும். செடியின் தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். ஈரம் நிற்கும், களை அடங்கும்.

கரிக்குழி:
இரண்டு பேரும் குவியல் முழுவதற்கும் ஒரே வழி சொல்கிறீர்கள். முதலில் பிரியுங்கள். தண்டு விறகுக்குப் போகட்டும். மணிக்கட்டு கனம் வரையுள்ள காய்ந்த கிளையை மண்ணுக்குப் போடும் கரியாக்கலாம்; அதற்குக் கூம்பு மாதிரி ஒரு குழி வெட்டி, அடியில் கொஞ்சம் அடுக்கி, மேலிருந்து பற்றவையுங்கள். புகை மேலே எழும்போது சுடரிலேயே எரிந்துவிடும். கிளைமேல் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். தாமதித்தால் கரி சாம்பலாகிவிடும். கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டு, குச்சியால் கிளறி, மறுபடியும் விடுங்கள். காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு போலக் கரி கிடைக்கும். அதைச் சாணக் கரைசலில் ஊறவைத்து மண்ணில் போடுங்கள், வெறும் கரியாகப் போட்டால் முதலில் அதுவே சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காய்ந்தவிறகு:
நாலைந்து குவியலுக்கு இப்படிக் குழியோரம் நின்று ஊட்டிக்கொண்டிருக்க ஆள் எங்கே, தண்ணீர் எங்கே?

புதுநிலம்:
குழி தோண்டி மொத்தமாகப் புதைத்துவிட்டால்?

மட்கு:
வேண்டாம். உள்ளே மரம் மட்க மட்க மேலே தரை இறங்கும். பின்னால் அங்கே கட்டடமோ பாதையோ போட முடியாது.

காய்ந்தவிறகு:
இதில் மட்கு சொல்வது சரி. எரிப்பதானால் உள்ளாட்சி அனுமதியை விசாரித்துவிட்டு, காற்றில்லாத நாளாகப் பாருங்கள். குவியல் பல நாள் கிடந்திருந்தால் கொளுத்தும் அன்றைக்கே இடம் மாற்றி அடுக்குங்கள், உள்ளே எதாவது குட்டி போட்டிருக்கும். அரளி இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள், அதன் புகை நஞ்சு.

புதுநிலம்:
சரி, தண்டைப் பிரித்துவிடுகிறேன். கிளையில் ஒரு குவியலைக் குழியில் போட்டுப் பார்க்கிறேன், மற்றது மூடாக்குக்கு. அடிக்கட்டை?

மட்கு:
எல்லையோரம் தள்ளிவிடுங்கள், வீட்டை ஒட்டி வேண்டாம். தானாக மட்கும்.

காய்ந்தவிறகு:
பத்து வருஷம் கழித்தும் அங்கேயே கிடக்கும். அடிக்கட்டையை மட்டுமாவது உதறிக் காயவைத்து எரியுங்கள்.