தன்திறனா, நிறைவாரித் திறனா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம். திறனை (ஒரு வினாடியில் வெளியாகும் ஆற்றலை) நிறையால் வகுத்தால் வருவதற்கும் கன அளவால் வகுத்தால் வருவதற்கும் நம் சொற்பட்டியலில் என்ன பெயர் இடுவது என்பது பற்றியே இக்கடிதம்.

வெப்பம் வெளியிடுவதில் சூரியனை மனித உடல் 7,000 மடங்கு விஞ்சுகிறது என்கிறார் ஒருவர். 5,000 மடங்குதான் என்கிறார் மற்றொருவர். இருவர் கணக்கும் சரிதான். எதனால் வகுத்தார்கள் என்பதுதான் வேறு. எங்கள் பாலக்கோடு சந்தையில் தக்காளிக்குப் பெட்டிக் கணக்கில் விலை பேசுவார்கள், தெருக்கடையில் அதுவே கிலோ கணக்காகிவிடும். இரண்டு விலையையும் ஒரே பெயரால் எழுதி வைத்தால் சண்டைதான் வரும்.

சூரியனின் திறன் 3.8×10²⁶ வாட், நிறை 2×10³⁰ கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு வாட்டுக்கு ஐந்து டன்னுக்கு மேல் சூரியப் பொருள் வேண்டியிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் 60 கிலோ மனிதரோ ஏறத்தாழ 80 வாட் வெளியிடுகிறார். நிறைக்கு நிறை ஒப்பிட்டால் 7,000 மடங்கு. கன மீட்டருக்குக் கன மீட்டர் என்றால், சூரியனின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 1.4 மடங்கு என்பதால், அது 5,000 ஆகக் குறைகிறது.

ஆகவே இரண்டு சொற்கள் தேவை. கன அளவுக்கு 'திறனடர்த்தி' போதும். அடர்த்தி என்றாலே கன அளவால் வகுப்பது என்று பள்ளியிலேயே பழகிவிட்டோம். சிக்கல் நிறைக்கான சொல்லில்தான். தன்வெப்பத்தை (ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தை) ஒட்டி முன்மொழியப்பட்ட 'தன்திறன்' சுருக்கமானது, ஆனால் 'உடலின் தன்திறன்' என்று எழுதியதும் ஒருவருடைய சொந்தத் திறமை என்றே வாசகர் படிப்பார். (புணர்ச்சி விதியைக் கறாராகப் பார்ப்பவர்கள் அதைத் 'தன்றிறன்' ஆக்கிவிடுவார்கள் என்பது வேறு கதை.) 'நிறைத்திறன்' நிறைந்த திறனாகிவிடும். மாவட்டவாரி, வார்டுவாரி என்று நாள்தோறும் சொல்கிறோம் என்பதால் 'நிறைவாரித் திறன்' என் தேர்வு. சற்று நீளம்தான், ஆனாலும் எதனால் வகுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

மார்கழி விடியலில் எங்கள் எருக்குழியைக் கடப்பாறையால் நெம்பினால் ஆவி பறக்கும், உள்ளே விட்ட கை சுடும். சூரியனின் நடுமையத்தில் திறனடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 276 வாட், அதாவது அந்த எருவின் தரம்தான். ஆனால் அங்கே ஒரு கன மீட்டரின் நிறை 150 டன் என்பதால், நிறைவாரித் திறனில் எரு நூறு மடங்குக்கும் மேல் முந்திவிடுகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுத இயலுமா என்று முயன்று பாருங்கள்.

மறுப்பு இருப்பின் வெள்ளிக்குள் தெரிவியுங்கள். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனியே ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து